பதினேழில் முறிந்த ஒழுங்கு

நுழையும்முன்

அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஓர் எண்ணேனும் மற்றவற்றோடு பொதுக் காரணி எதுவுமின்றித் தனித்து நிற்கக் காணலாம். இரண்டு எண்களுக்கு இது பொருந்தும். ஐந்துக்கும் பத்துக்கும் பொருந்தும். பதினாறு வரையிலும் பொருந்தும். பதினேழுக்கு? தென்காசிச் சீமையில் பிறந்த கணித அறிஞர் ஒருவர் இவ்வினாவுக்கு 1940இல் கண்ட விடையையும் அவர்தம் வாழ்வையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊரும் பெயரும்

சிவனும் திருமாலும் ஒரே திருமேனியில் பாதிப்பாதியாய் நிற்கும் கோலம் சங்கரநாராயணர் கோலம். அக்கோலத்திற்குப் புகழ்பெற்ற ஊர் சங்கரன்கோவில். அங்கு வீற்றிருக்கும் அம்மையின் பெயர் கோமதி. ஆடித்தபசு நாளில் சுற்றுவட்டாரமே அவ்வூரில் திரண்டு நிற்கும். சங்கரநாராயணன், கோமதி என்னும் பெயர்கள் இப்பகுதியின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வருபவை.

சங்கரன்கோவிலுக்குத் தென்மேற்கே, குற்றாலத்திற்கும் செங்கோட்டைக்கும் அருகில் உள்ளது வல்லம். அச்சிற்றூரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் பிறந்த மகன் சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகம் அவரை எஸ்.எஸ். பிள்ளை என்று அறியும். எண்ணியலில் இராமானுசனுக்குப் பின் தமிழ்நாடு தந்த பெரும் அறிஞர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அவர். எனினும், இராமானுசனின் 1729ஐ அறிந்தவர்களுள் பலர் பிள்ளையின் 2184ஐ அறியார்.

குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். படிப்பு அத்துடன் நின்றிருக்கக்கூடும். செங்கோட்டைப் பள்ளியில் அவருடைய திறமையை முன்பே கண்டுகொண்டிருந்த சாஸ்திரியார் என்னும் ஆசிரியர், தம் வருவாயிலிருந்து பொருளுதவி செய்து அவரைப் படிக்க வைத்தார். உதவித்தொகை பெற்று நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும், பின்னர்த் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்ற பிள்ளை, 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் கே. ஆனந்தராவ். இராமானுசன் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் தாமும் அங்கே பயின்று திரும்பியவர் அவர். 1929இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்த பிள்ளை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். அவருடைய சிறந்த ஆய்வுகள் பலவும் சிதம்பரத்தில் பிறந்தவையே.

தனித்து நிற்கும் எண்

இரண்டு எண்களுக்கு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லையெனில் அவை சார்பகா எண்கள் எனப்படும். 8, 15 ஆகிய இரண்டுமே பகு எண்கள். ஆயினும் ஒன்றுக்கொன்று சார்பகா எண்கள். பிள்ளை எடுத்துக்கொண்ட வினா இதுவே: அடுத்தடுத்து வரும் முழு எண்கள் சிலவற்றை வரிசையாக எடுத்தால், மற்ற ஒவ்வொன்றோடும் சார்பகா எண்ணாக அமையும் ஓர் எண் அவ்வரிசையில் எப்போதும் இருக்குமா?

வினா விளையாட்டாகத் தோன்றலாம். அதன் பின்னே ஒரு பழைய சிக்கல் இருந்தது. அடுத்தடுத்த முழு எண்களைப் பெருக்கிவரும் தொகை ஒரு வர்க்கமாகவோ கனமாகவோ அதனினும் உயர்ந்த அடுக்காகவோ அமையக்கூடுமா என்பதே அச்சிக்கல். தனித்து நிற்கும் எண் இங்கு எவ்வாறு உதவுகிறது என்பதை மூன்று எண்களைக் கொண்டே காணலாம்.

n−1, n, n+1 என்னும் மூன்று எண்களின் பெருக்கற்பலன் ஒரு k ஆம் அடுக்கு எனக் கொள்வோம். இங்கு n, k ஆகிய இரண்டும் 2க்குக் குறையாதவை. நடுவில் உள்ள n, இருபுறத்து எண்களோடும் சார்பகா எண். அதன் பகாக் காரணிகள் மற்ற இரண்டிலும் இல்லை. ஆகவே பெருக்கற்பலன் முழுவதும் k ஆம் அடுக்காக வேண்டுமெனில், n தனியாகவே ஒரு k ஆம் அடுக்காக இருத்தல் வேண்டும். மற்ற இரண்டின் பெருக்கற்பலனாகிய n²−1 என்பதும் தனியே k ஆம் அடுக்காக இருத்தல் வேண்டும். n ஒரு k ஆம் அடுக்கு என்றால் n² என்பதும் அவ்வாறே. அப்படியானால் n²−1, n² என்னும் அடுத்தடுத்த இரு எண்களும் k ஆம் அடுக்குகள் ஆகின்றன. மிகை வர்க்கங்களிலோ கனங்களிலோ வேறு ஒரே அடுக்குகளிலோ அடுத்தடுத்த இரு எண்கள் வருவதில்லை. எனவே தொடக்கத்தில் கொண்டது தவறு. ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும் இந்நிறுவலின் உயிர், நடுவில் தனித்து நின்ற n என்னும் எண்ணிலேயே உள்ளது.

வரிசை நீளும்போது தனித்து நிற்கும் எண் தொடர்ந்து கிடைக்குமா என்பதைப் பிள்ளை ஆராய்ந்தார். பத்து எண்களுக்கு விடை காண்பது எளிது. ஒரு பகா எண் இரு எண்களை வகுக்குமெனில் அவற்றின் வேறுபாட்டையும் அது வகுக்கும். பத்து எண்கள் கொண்ட வரிசையில் வேறுபாடு 9ஐத் தாண்டாது. ஆகவே 2, 3, 5, 7 ஆகிய நான்கு பகா எண்களே பொதுக் காரணிகளாக இயலும். வரிசையில் ஒற்றைப்படை எண்கள் ஐந்து. அவற்றுள் 3 வகுப்பவை இரண்டுக்கு மேல் இரா. 5 வகுப்பது ஒன்று. 7 வகுப்பது மிகுந்தால் ஒன்று. கூட்டினால் நான்கு. ஐந்தாவது ஒற்றைப்படை எண் எவருடைய பிடியிலும் அகப்படாமல் தனித்து நிற்கும்.

சங்கரன்கோவில் வட்டாரத்தின் தறிகளை அறிந்தவர்க்கு இதனை வேறு வகையிலும் விளக்கலாம். பாவு நூல்களை வரிசையாக நீட்டி, இரண்டாவதுதோறும் ஒரு சாயம், மூன்றாவதுதோறும் ஒரு சாயம், ஐந்தாவதுதோறும் ஒரு சாயம் என ஏற்றுவதாகக் கொள்க. ஒவ்வொரு சாயத்தையும் எந்த நூலில் வேண்டுமானாலும் தொடங்கலாம். சாயம் படாத நூல் ஒன்றேனும் எஞ்சுமா என்பதே வினா. இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு சாயம் வரிசையில் ஒரே நூலில் மட்டும் பட்டால் அது கணக்கில் சேராது. பொதுக் காரணி என்றால் குறைந்தது இரண்டு எண்களுக்குப் பொதுவாக இருத்தல் வேண்டும் அல்லவா?

2184 முதல் 2200 வரை

பதினாறு எண்கள் வரையில் தனித்து நிற்கும் எண் கட்டாயம் உண்டு என்பதைப் பிள்ளை நிறுவினார். அதனைக் கொண்டு, பதினாறு வரையிலான அடுத்தடுத்த எண்களின் பெருக்கற்பலன் ஒருபோதும் முழு அடுக்காகாது என்றும் காட்டினார். பதினேழில் அவ்வொழுங்கு முறிகிறது. முறியும் இடம் இதோ:

2184 = 2³ × 3 × 7 × 13
2185 = 5 × 19 × 23
2187 = 3⁷
2189 = 11 × 199
2191 = 7 × 313
2193 = 3 × 17 × 43
2195 = 5 × 439
2197 = 13³
2199 = 3 × 733
2200 = 2³ × 5² × 11

இடையில் விடப்பட்ட இரட்டைப்படை எண்கள் அனைத்தும் 2ஆல் பிணைக்கப்பட்டவை. எனவே எட்டு ஒற்றைப்படை எண்களை மட்டும் பார்த்தால் போதும். 2187, 2193, 2199 ஆகிய மூன்றையும் 3 பிணைக்கிறது. 2185, 2195 ஆகியவற்றை 5 பிணைக்கிறது. 2191, 7 வழியாக 2184ஓடும் 2198ஓடும் உறவுடையது. 2189ஐ 11 வகுக்கிறது. அதே 11, வரிசையின் கடைசியில் உள்ள 2200ஐயும் வகுக்கிறது. 2197ஐ 13 வகுக்கிறது. அதே 13, வரிசையின் தலைப்பில் உள்ள 2184ஐயும் வகுக்கிறது. மூன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று எனக் கூட்டினால் எட்டு. எந்த ஒற்றைப்படை எண்ணும் விடுபடவில்லை. 3, 5, 7, 11, 13 ஆகியவற்றுள் இரண்டின் பிடியில் அகப்பட்டதும் இல்லை. ஒரு சாயமும் வீணாகாத நெசவு இது.

முனையில் உள்ள ஓர் எண்ணை நீக்கிப் பார்த்தால் இவ்வமைப்பின் நுண்மை புலப்படும். 2200ஐ நீக்கினால் 2189 விடுதலை பெறுகிறது. எஞ்சிய வரிசையில் 11இன் மடங்கு வேறில்லை. 2184ஐ நீக்கினால் 2197 விடுதலை பெறுகிறது. 13இன் அடுத்த மடங்கு 2210, வரிசைக்கு வெளியே நிற்கிறது. பதினேழும் சேர்ந்திருந்தால்தான் பிணைப்பு முழுமை பெறும்.

> தெரிந்து தெளிவோம்
> 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கினால் 30030. எந்த எண்ணோடு 30030ஐக் கூட்டினாலும், இவ்வாறு பகா எண்களால் வகுபடும் தன்மை மாறாது. எனவே 2184இல் தொடங்கும் வரிசையைப் போலவே 32214இல் தொடங்கும் பதினேழு எண்களிலும் தனித்து நிற்கும் எண் இல்லை. 30030இலிருந்து கழித்தாலும் அத்தன்மை மாறாது. ஆகவே 27830 முதல் 27846 வரையிலான வரிசையும் அத்தகையதே. எனவே இத்தகைய வரிசைகளுக்கு முடிவில்லை.

இரண்டிலிருந்து பதினாறு வரை, வரிசையின் நீளம் பதினைந்து வகை. பதினைந்திலும் மெய்யாக இருந்த கூற்று பதினாறாவது வகையில் பொய்த்தது. அதுவும் தொடக்கத்திலேயே பொய்க்கவில்லை. 1 முதல் 17, 2 முதல் 18 என ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போகிறவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வரிசைகளில் கூற்று மெய்யாகவே இருக்கக் காண்பார். கணிப்பொறி இல்லாத காலத்தில் அத்தனை சோதனைக்குப் பின் ‘இனி ஐயமில்லை’ என்று எழுதிவைத்துவிடத் தோன்றுவது இயல்பு. பிள்ளை அவ்வாறு எழுதவில்லை. நீளம் 17 முதல் 430 வரை ஒவ்வொன்றுக்கும் கூற்று பொய்க்கும் என்று காட்டினார். மறு ஆண்டே, 1941இல், ஆல்பிரட் பிரவர் என்னும் அறிஞர் 17உம் அதற்கு மேற்பட்ட எல்லா நீளங்களுக்கும் அது பொய்க்கும் என்று நிறுவி முடித்தார்.

தனித்து நிற்கும் எண் என்னும் கருவி பதினேழில் கைவிட்டதால், பெருக்கற்பலனைப் பற்றிய பழைய சிக்கலுக்கு வேறு வழி தேவைப்பட்டது. எர்டிஷ், செல்ஃப்ரிட்ஜ் ஆகிய இருவரும் 1975இல் அதனை முழுமையாகத் தீர்த்தனர். அடுத்தடுத்த மிகை முழு எண்களின் பெருக்கற்பலன், அவை எத்தனையாயினும், முழு அடுக்காகாது.

703க்கு எழுபத்து மூன்று

பிள்ளையின் பெயரை உலகறியச் செய்தது வாரிங் சிக்கல். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று லாக்ராஞ்ச் 1770இல் நிறுவினார். அதே ஆண்டில் எட்வர்டு வாரிங், கனங்களாயின் ஒன்பது போதும், நான்காம் அடுக்குகளாயின் பத்தொன்பது போதும், பிற அடுக்குகளுக்கும் இவ்வாறே ஓர் எல்லை உண்டு என்று நிறுவலின்றி எழுதிவைத்தார். ஒவ்வோர் அடுக்குக்கும் அந்த எல்லை யாது என்று காண்பதே பின்வந்தோர்க்குச் சுமையாயிற்று.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்க. 1, 64, 729 என்பவை முதல் மூன்று ஆறாம் அடுக்குகள். 703 என்னும் எண்ணுக்கு 729 பெரிது. ஆகவே 64உம் 1உம் மட்டுமே உதவும். 64ஐப் பத்து முறை எடுத்தால் 640. மீதி 63க்கு அறுபத்து மூன்று ஒன்றுகள். ஆக எழுபத்து மூன்று. 64ஐக் குறைத்து எடுத்தால் ஒன்றுகள் பெருகும். எனவே 703க்கு எழுபத்து மூன்றுக்குக் குறைந்து முடியாது. இதனைப் பள்ளி மாணவரும் நிறுவிவிடலாம். வேறு எந்த எண்ணுக்கும், அது எத்தனை கோடியாயினும், எழுபத்து மூன்றுக்கு மேல் வேண்டியதில்லை என்பதை நிறுவுவதே அரிது. அதனைப் பிள்ளை 1940இல் நிறுவினார்.

அதற்கு முன்பே, ஆறினும் உயர்ந்த அடுக்குகளுக்குரிய எல்லையை, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, அவர் கண்டறிந்திருந்தார். அதே காலத்தில் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் டிக்சனும் தனியே அதே முடிவுக்கு வந்தார். பெரும் நூலகமும் மாணவர் குழாமும் சூழ்ந்த பேராசிரியர் அவர். கொள்ளிடக் கரைக்குத் தெற்கே அல்ல, வடக்கே, புதிதாய் எழுந்த ஒரு பல்கலைக்கழகத்தின் இளம் விரிவுரையாளர் இவர். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வாயிலைத் திறந்தனர். ஐந்தாம் அடுக்குக்கு எல்லை 37 என்பதை 1964இல் சீன அறிஞர் சென் ஜிங்ருன் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு வாரிங் சொன்ன பத்தொன்பது சரியே என்பது 1986இல்தான் உறுதியாயிற்று. அதனை நிறுவிய மூவருள் ஒருவர் சென்னையின் ஆர். பாலசுப்பிரமணியன். பிள்ளையின் ஆய்வுகளைப் பிற்காலத்தில் தொகுத்துப் பதிப்பித்தவர்களுள் ஒருவரும் அவரே.

கெய்ரோவுக்கு அப்பால்

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்கும் அடுத்த ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் சென்ற பிள்ளைக்கு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஓராண்டு தங்கி ஆராய அழைப்பு வந்தது. உலகக் கணித அறிஞர்களின் மாநாடு 1950 ஆகஸ்டு 30ஆம் நாள் ஹார்வர்டில் தொடங்கவிருந்தது. அதிலும் கலந்துகொள்ள எண்ணி அவர் விமானம் ஏறினார். ஆகஸ்டு 31ஆம் நாள், கெய்ரோவிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் அவ்விமானம் எகிப்து மண்ணில் வீழ்ந்தது. அதிலிருந்த ஐம்பத்தைந்து பேரும் மாண்டனர். பிள்ளைக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. மாநாட்டில் அவரை எதிர்பார்த்திருந்தோர்க்கு அவருடைய மறைவுச் செய்தியே வந்து சேர்ந்தது.

அவர் விட்டுச்சென்ற வினாக்களுள் ஒன்று, 2184 முதல் 2200 வரையிலான அதே வரிசையில் ஒளிந்திருக்கிறது. வரிசையின் நடுவே 2187, 2197 என்னும் இரண்டு எண்கள் நிற்கின்றன. ஒன்று 3இன் ஏழாம் அடுக்கு. மற்றொன்று 13இன் கனம். வேறுபாடு 10. முழு எண்களின் வர்க்கம், கனம் முதலிய முழு அடுக்குகளை வரிசைப்படுத்தினால் 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என நீளும். அவற்றிடையே 1 என்னும் வேறுபாடு 8க்கும் 9க்கும் இடையில் மட்டுமே உண்டு. மிகைலெஸ்கு 2002இல் இதனை நிறுவினார். 7 என்னும் வேறுபாடு 9க்கும் 16க்கும் இடையிலும், 25க்கும் 32க்கும் இடையிலும், 121க்கும் 128க்கும் இடையிலும் உண்டு. நெடுந்தொலைவு கடந்து, 181இன் வர்க்கமாகிய 32761க்கும் 2இன் பதினைந்தாம் அடுக்காகிய 32768க்கும் இடையிலும் உண்டு. இரண்டின் அடுக்குக்கும் ஒரு வர்க்கத்துக்கும் இடையில் 7 என்னும் வேறுபாடு எங்கெல்லாம் வரும் என்று இராமானுசன் 1913இல் இந்தியக் கணிதக் கழக இதழில் கேட்டிருந்தார். 6 என்னும் வேறுபாடோ இன்றுவரை எங்கும் கிடைக்கவில்லை.

முழு அடுக்குகள் வளர வளர அவற்றின் இடைவெளிகளும் வளர்ந்துகொண்டே போகும். ஆகவே எந்த ஒரு வேறுபாடும் எண்ணி முடிக்கத்தக்க சில இடங்களில் மட்டுமே தோன்றும் என்பது பிள்ளையின் ஊகம். பதினாறில் மெய்த்துப் பதினேழில் பொய்த்ததைத் தம் கையாலேயே எழுதியவர் அவர். இதனை ஊகம் என்ற அளவிலேயே விட்டுச் சென்றார். 1 என்னும் வேறுபாட்டைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் இது இன்னும் நிறுவப்படவில்லை. 2187க்கும் 2197க்கும் இடையில் நிற்கும் 10க்கும்தான்.